இரண்டு வரிசை நடவு இயந்திரமும் போக்கிடம் விழுந்த வயல்களும்: சிறு உருளைக்கிழங்கு விவசாயிகள் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோதுமை விதைக்க ஹெக்டேருக்கு நூறு கிலோவை ஒட்டி விதை இருந்தால் போதும். உருளைக்கிழங்குக்கு இரண்டு முதல் மூன்று டன் வேண்டும். அந்த விதை உருண்டையும் நீளமுமாகக் கலந்து கிடக்கும், முளை விட்டிருக்கும், தவறிக் கீழே விழுந்தால் அடிபடும். 60 சென்டிமீட்டர் வரிசை, 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 66,700 கிழங்குகளை ஒவ்வொன்றாகச் சாலில் வைக்க வேண்டும். ஒருவர் இரண்டு விநாடிக்கு ஒரு கிழங்கு வீதம் நிற்காமல் போட்டாலும், கிழங்கு போடும் வேலைக்கு மட்டும் 37 மணி நேரம் ஆகும். சால் திறப்பதும் மண் மூடுவதும் விதை சுமப்பதும் இதில் சேராது. அதனால்தான் ஆள் தட்டுப்பாடு வந்ததும் சிறு விவசாயிகள் நடவு இயந்திரத்தைத் தேடுகிறார்கள்.

அப்படி வாங்கிய ஒரு குழுவைப் பற்றியது இந்த ஆய்வு. இயந்திரம் வந்த முதல் பருவத்தில் அவர்கள் வயல்களில் போக்கிடம், அதாவது வரிசையில் செடி வராத வெற்றிடம், நிறைய விழுந்தது. ஏன் என்று பார்க்க என்னை அழைத்தார்கள். குழுவின் பெயரையும் ஊரையும் இயந்திரம் செய்த நிறுவனத்தையும் இங்கே எழுதவில்லை. அங்கே கண்ட பழுதுகள் இந்த வகை இயந்திரம் எதிலும், எந்த நாட்டிலும் வரக்கூடியவை.

குழுவும் இயந்திரமும்

பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். எவருக்கும் ஒரு ஹெக்டேருக்கு மேல் நிலம் இல்லை. எல்லாம் சேர்ந்தால் எட்டு ஹெக்டேருக்குள் அடங்கும். துண்டு துண்டான வயல்கள். சில நீளமானவை, சில கிட்டத்தட்ட சதுரம், இரண்டு மூன்று சரிவில் இருப்பவை. சேர்ந்து பணம் போட்டு, டிராக்டரின் மூன்று முனை இணைப்பில் மாட்டும் இரண்டு வரிசைத் தானியங்கி நடவு இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். டிராக்டர் வாடகைக்கு.

இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. மேலே விதைப்பெட்டி. அதன் அடியில் உள்ள சிறு அறைக்குள் கிழங்கு சரிந்து இறங்கும். அந்த அறை வழியாக ஒரு சங்கிலி மேல்நோக்கி ஓடும். சங்கிலியில் வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு கிழங்கை அள்ளிக்கொண்டு மேலே போய், உச்சியில் உள்ள பல்சக்கரத்தைச் சுற்றித் திரும்பும்போது கிழங்கு புரண்டு முன்னால் போகும் கிண்ணத்தின் முதுகில் உட்காரும். அப்படியே ஒரு குழாய்க்குள் இறங்கி, அடியில் குழாய் முடியும் இடத்தில் கொழு கீறிய சாலில் விழும். பின்னால் வரும் இரண்டு வட்டத்தட்டுகள் மண்ணை அணைத்து, கிழங்குக்கு மேல் நீள மேடாகப் பார் பிடித்துவிடும். சங்கிலியை ஓட்டுவது தரையில் உருளும் சக்கரம். டிராக்டர் மெதுவாகப் போனால் சங்கிலியும் மெதுவாகச் சுற்றும். ஆக, இடைவெளி மாறாது. கிண்ணத்தில் இரண்டு கிழங்கு ஏறினால் ஒன்றைத் தட்டிவிட, சங்கிலியை அதிர வைக்கும் உருளை ஒன்றும் உண்டு.

கையால் கிழங்கு ஊட்டும் அரைத் தானியங்கி வகையை அவர்கள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். ஒருவர் விநாடிக்கு ஒரு கிழங்கு ஊட்ட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் இடைவெளிக்கு அது விநாடிக்குக் கால் மீட்டர், அதாவது மணிக்கு 0.9 கிலோமீட்டர். பல டிராக்டர்களில் அவ்வளவு மெதுவாகப் போகக் கியரே கிடையாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் தானியங்கிக்கு வந்திருந்தார்கள். அது சரியான கணக்கு.

முதல் பருவம்

நடவு சீக்கிரமாக முடிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று வாரத்துக்கு மேல் ஆகி முளைப்பு வெளியே தெரிந்தபோதுதான் முகம் வாடியது. சில இடங்களில் தொடர்ந்து நான்கைந்து அடிக்குச் செடியே இல்லை. வேறு இடங்களில் ஒரே குழியில் இரண்டு செடி நெருக்கியடித்து நின்றன. கையால் நட்ட பக்கத்து வயல் சீராக இருந்ததால் குறை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இயந்திரத்தை விற்றுவிடலாம் என்று பாதிப் பேர், ஓட்டுநரை மாற்றலாம் என்று மீதிப் பேர்.

போக்கிடம் என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொன்னாலும் அதற்குப் பல காரணம் இருக்கும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் வெறும் மண். பாரைக் கையால் கிளறிப் பார்த்தால்தான் உள்ளே கிழங்கே இல்லையா, இருந்து அழுகியதா, முளை ஒடிந்து தாமதமாகிறதா, ஆழத்தில் மாட்டிக்கொண்டதா என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கிளறாமல் இயந்திரத்தில் திருகாணியைத் திருகுவது வீண் வேலை.

பாரைக் கிளறியபோது

முதல் துப்பு கொடுத்தவர் பல ஆண்டு கையால் கிழங்கு நட்ட ஒரு அம்மா. இடப்பக்க வரிசையோடு நடந்துகொண்டே, "எட்டு அடி வைச்சா ஒரு ஓட்டை, எட்டு அடி வைச்சா ஒரு ஓட்டை. வலப்பக்கத்துல இப்படி இல்லையேப்பா" என்றார். அவர் சொன்ன அடி என்பது நடக்கும் காலடி. டேப் வைத்து அளந்தால் சரியாக ஆறு மீட்டருக்கு ஒரு போக்கிடம். இயந்திரத்தில் ஒரு சங்கிலிக்கு 24 கிண்ணம். 24-ஐ 25 சென்டிமீட்டரால் பெருக்கினால் ஆறு மீட்டர். இடப்பக்கச் சங்கிலியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தோம். ஒரு கிண்ணத்தின் விளிம்பு உள்நோக்கி மடங்கியிருந்தது. பெட்டியில் கல் கலந்து வந்து, கிண்ணத்துக்கும் அறைச் சுவருக்கும் நடுவில் சிக்கியிருக்க வேண்டும். அந்த ஒரு கிண்ணம் ஒரு முறைகூடக் கிழங்கை எடுக்கவில்லை. நூறு செடிக்கு நான்கு செடி அதிலேயே போயிற்று. கிண்ணத்தை நிமிர்த்த ஐந்து நிமிடம் ஆகவில்லை.

சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் போக்கிடம் என்றால் சங்கிலியைப் பார்க்க வேண்டும். வேறு மாதிரி வந்தால் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த வயல்களில் எல்லா மாதிரியும் இருந்தன.

வரிசை தொடங்கும் இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் வெறுமையாக இருந்தது. கிளறினால் கிழங்கு இருந்தது, ஆனால் மேலாக. சில வெளியே தெரிந்து பச்சையாகி, சில காய்ந்து சுருங்கியிருந்தன. ஓட்டுநர் திரும்பி வந்து, டிராக்டர் நகர்ந்துகொண்டிருக்கும்போதே இயந்திரத்தை இறக்கியிருக்கிறார். கொழு முழு ஆழத்துக்குப் போக ஒரு மீட்டருக்கு மேல் தேவை. அதற்குள் நான்கைந்து கிழங்கு மேல்மண்ணில் விழுந்துவிடுகிறது. விதைப்பெட்டி காலியாகி மறுபடி நிரப்பிய இடங்களில் கதை வேறு. அங்கே கிண்ணங்கள் வெறுமையாகவே குழாய்க்குள் இறங்கியிருந்தன. பெட்டியை நிரப்பியதும், இயந்திரத்தைத் தூக்கி வைத்து, அடியில் கிழங்கு விழும்வரை சக்கரத்தைக் கையால் சுற்றிய பிறகுதான் வயலில் இறக்க வேண்டும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அப்புறம் ஒரு வயலில் போக்கிடமே இல்லை; ஆனாலும் செடி குறைவு. பத்து மீட்டரில் 40 கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் 36. எல்லாம் சீரான இடைவெளியில், 25-க்குப் பதிலாக ஏறத்தாழ 28 சென்டிமீட்டரில். சங்கிலியை ஓட்டும் சக்கரம் பொலபொலவென்ற மண்ணில் உருளாமல் வழுக்கியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு வழுக்கினால் ஹெக்டேருக்கு 66,700 செடி 60,000 ஆகிவிடும். பார்வைக்குத் தெரியாத இழப்பு என்பதால் இதுதான் ஆபத்தானது. சக்கரத்தின் பற்களில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டி, அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்கியதும் பெரும்பாலும் சரியாயிற்று. வாங்கிய அன்று இடைவெளியைச் சிமெண்ட் தரையில் ஓட்டிப் பார்த்து அமைத்திருந்தார்கள். சிமெண்ட் தரையில் சக்கரம் வழுக்காது. நடப்போகும் வயலிலேயே, நடப்போகும் ஈரத்தில், பத்து மீட்டர் ஓட்டி, மண்ணை விலக்கி எண்ண வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு முறை.

இவ்வளவும் இயந்திரத்திலும் ஓட்டும் முறையிலும் உள்ள குறைகள். ஒரு ஸ்பேனரும் ஒரு டேப்பும் இருந்தால் தீரும். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே சிதறிக் கிடந்த போக்கிடங்களும் இரட்டைச் செடிகளும்தான் மிச்சம். எண்ணிக்கையில் அவையே அதிகம். அவற்றுக்குக் காரணம் இயந்திரத்தில் இல்லை; விதைப்பெட்டிக்குள் கொட்டியதில் இருந்தது.

கிண்ணத்தில் உட்காராத கிழங்கு

கையால் நடும்போது விதைக்கிழங்கு எந்த அளவில் இருந்தாலும் கவலையில்லை. பெரியதை வெட்டுவார்கள், சிறியதை இரண்டாகச் சேர்த்துப் போடுவார்கள், முளை நீண்டதை மெதுவாக வைப்பார்கள். அந்தக் கை செய்துவந்த முடிவுகள் எல்லாம் இயந்திரம் வந்ததும் காணாமல் போயின. குழுவினர் அவரவர் சேமிப்பிலிருந்து கொண்டுவந்த விதையை அளவு பிரிக்காமல் அப்படியே பெட்டியில் கொட்டினார்கள். அதில் எலுமிச்சை அளவும் இருந்தது, உள்ளங்கை நிறையும் இருந்தது.

இயந்திரத்தின் கிண்ணம் 35 முதல் 55 மில்லிமீட்டர் கிழங்குக்கானது. அதைவிடச் சிறியது இரண்டாக ஏறும். பெரியது விளிம்பில் தொற்றிக்கொண்டு பாதி வழியில் விழும். அதிர்வு உருளையைக் கூட்டினால் இரட்டை குறையும், கூடவே ஒற்றையும் உதிரும். குறைத்தால் ஒற்றை நிற்கும், இரட்டையும் நிற்கும். ஓட்டுநர் முதல் பருவம் முழுக்க இந்த உருளையோடுதான் போராடியிருக்கிறார். பாவம், அவர்மேல் குற்றம் இல்லை. கலப்பு விதைக்குச் சரியான அமைப்பு என்று ஒன்று கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. விதைக்குச் செலவழிக்கும் எவரும் இதை மனதில் வைக்க வேண்டும். கிழங்கின் குறுக்களவு 35-லிருந்து 55 மில்லிமீட்டர் ஆனால் எடை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. உருண்டைக் கிழங்கானால் 25 கிராமை ஒட்டி இருந்தது 95 கிராமை ஒட்டிப் போகும். ஒரே சல்லடை வகைக்குள் அடங்கும் விதையிலேயே இவ்வளவு வித்தியாசம். 66,700 குழிக்குச் சிறியதை நட்டால் 1.7 டன், பெரியதை நட்டால் 6 டன்னுக்கு மேல். பெரிய கிழங்கில் முளை கிளம்பும் கண் அதிகம், தண்டும் அதிகம் வரும். அதனால் அதை அகல இடைவெளியில் நடலாம். சிறியதை நெருக்கி நட வேண்டும். கலந்து நட்டால் இரண்டும் முடியாது.

எனவே இரண்டாம் பருவத்துக்கு முன்னால் அவர்கள் செய்த முதல் வேலை சதுரக் கண் உள்ள சல்லடைச் சட்டங்கள் செய்ததுதான். 35, 45, 55 மில்லிமீட்டர். மூன்று சட்டங்களையும் உள்ளூர்ப் பட்டறையில் கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். 35-இல் கீழே விழுந்தது கையால் நடுவதற்கு. 35–45 ஒரு வகை, 45–55 இன்னொரு வகை. சிறிய வகை ஓடும்போது கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் உள்பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள். கிண்ணம் சுருங்கி, இரண்டாவது கிழங்குக்கு இடம் இல்லாமல் போயிற்று. அந்த உள்பட்டைகள் இயந்திரத்தோடு ஒரு பையில் வந்திருந்தன. முதல் பருவத்தில் யாரும் பையைப் பிரிக்கவில்லை. இயந்திரம் விற்பவர்கள் வயலில் ஒரு மணி நேரம் நின்று இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு பருவத்து இழப்பு மிச்சமாகியிருக்கும். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

முளையும் இதே போன்றதுதான். இருட்டில் வைத்த விதை வெள்ளையாக, நீளமாக முளை விடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் முளையோடு பெட்டியில் கொட்டினால், கிழங்கோடு கிழங்கு உரசி, கிண்ணம் இடித்து, பாதி ஒடிந்துவிடும். கிழங்கு சாகாது, வேறு கண்ணிலிருந்து முளைக்கும். ஆனால் தாமதமாகும், பக்கத்துச் செடி அதற்குள் நிழல் கட்டிவிடும். முதல் பருவத்தில் "காணாமல் போன" செடிகளில் ஒரு பகுதி இப்படி மண்ணுக்குள் உயிரோடு இருந்தவை. வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் தட்டுகளில் பரப்பி வைத்தால் முளை குட்டையாக, தடித்து, பச்சையாக நிற்கும். இந்த இயந்திரத்துக்கு அதுதான் ஏற்றது. முளை லேசாக வெளியே எட்டிப் பார்க்கும் நிலையிலேயே நட்டுவிடுவது இன்னும் நல்லது. நீண்ட முளையோடுதான் நட வேண்டும் என்றால் கிண்ணச் சங்கிலி வேண்டாம்; மெதுவாக நகரும் பெல்ட் வகை இயந்திரம்தான் பொருந்தும்.

அழுகிய கிழங்குகளைக் கிளறியபோது அத்தனையும் வெட்டு விதை. காலையில் வெட்டி அன்றே நட்டிருக்கிறார்கள். வெட்டுவாய் ஆறித் தோல் கட்டச் சில நாள் வேண்டும். ஈரப்பதமும் காற்றோட்டமும் உள்ள நிழலில் வைக்க வேண்டும். ஆறாத துண்டுகள் மாவுப்பால் ஒட்டி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால் கிண்ணத்தில் இரட்டையாகவும் ஏறும். வெட்டும் கத்தியோ நோயுள்ள கிழங்கிலிருந்து நல்ல கிழங்குக்குப் பாக்டீரியாவைக் கொண்டுபோகும். முழுக் கிழங்கு விதையே போதும் என்று குழுவில் முடிவெடுத்தார்கள். அதற்காகச் சிறிய அளவு விதையைத் தேடி வாங்க வேண்டியிருந்தது. அலைச்சல்தான், ஆனாலும் வாங்கினார்கள்.

குளிர்பதனக் கிடங்கிலிருந்து விதை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 முதல் 4 டிகிரியில் இருந்த கிழங்கை எடுத்த கையோடு பெட்டியில் கொட்டக் கூடாது. குளிர்ந்த கிழங்கில் அடி சுலபமாகப் படும், மேலே ஈரமும் பூக்கும். ஒரு வாரம், பத்து நாள் வெளியே வைத்துச் சூடேற விட வேண்டும்.

வேகம்

மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் போனால் ஒரு வரிசைக்கு விநாடிக்கு ஐந்தரைக் கிழங்கு விழ வேண்டும். மூன்று கிலோமீட்டரில் மூன்றே காலை ஒட்டி வரும். முதல் பருவத்தில் ஓட்டுநர் வேகமாகப் போனார். டிராக்டர் வாடகை மணிக்கணக்கில் என்பதால் அவரை அவசரப்படுத்தியவர்கள் நிலத்துக்காரர்களே.

மெதுவாகப் போனால் எல்லாம் சரியாகும் என்ற அறிவுரை பாதிதான் உண்மை. 2006-ல் வெளியான நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், நடவு அலகை ஆய்வகத்தில் நிறுத்தி, கிழங்கு தரைக்கு வரும் நேரத்தை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். கிண்ணப் பட்டை வேகமாக ஓடும்போது கிழங்குகள் விழும் நேர இடைவெளி சீராக இருந்தது. உருண்டையான கிழங்கால் துல்லியம் கூடவும் இல்லை. குழாயின் அடிவாயில் கிண்ணம் விலகிக் கிழங்குக்கு வழி திறக்க எடுக்கும் நேரம்தான் சிதறலுக்கு முக்கியக் காரணம். வேகம் கூடினால் அந்த நேரம் சுருங்குகிறது. ஆனால் வயலில் இதற்கு முந்தைய கட்டமும் பிந்தைய கட்டமும் சேர்ந்துகொள்கின்றன. கிண்ணம் நிரம்ப நேரம் வேண்டும். கட்டி மண்ணில் இயந்திரம் துள்ளும். சாலின் அடி அகலமாக இருந்தால் விழுந்த கிழங்கு உருளும். இந்தச் சிறிய இயந்திரத்தில், இந்த மண்ணில், இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டருக்குள் கிண்ணம் நன்றாக நிரம்பியது. அதை எல்லோருக்கும் பொதுவான எண்ணாக நான் சொல்ல மாட்டேன். குழாயின் அடிவாய் சாலுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது, சாலின் அடி குறுகலாக இருக்க வேண்டும் என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

டயரும் பாரும், வயலின் நீளமும்

பழைய வழக்கப்படி 60 சென்டிமீட்டர் வரிசையில் நட்டார்கள். டிராக்டரின் பின்டயர் அகலம் 31 சென்டிமீட்டரை ஒட்டி. இரண்டு வரிசையை நடுவில் விட்டுச் சக்கரம் பார்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ஓடினால், டயர் விளிம்புக்கும் கிழங்கு இருக்கும் கோட்டுக்கும் நடுவே 14, 15 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். மண் அணைக்க மறுபடி உள்ளே போகும்போது பாரின் தோள் நசுங்கும். இளங்கிழங்கு பரவும் இடமே அதுதான். 75 சென்டிமீட்டருக்கு மாற்றினால் அந்த இடம் 22 சென்டிமீட்டர் ஆகிறது. வரிசை அகலமானால் செடி குறையுமே என்று பயந்தார்கள். 75-க்கு 20 வைத்தால் ஒரு செடிக்குக் கிடைக்கும் பரப்பு 60-க்கு 25 வைத்ததற்குச் சமம், இரண்டிலும் 0.15 சதுர மீட்டர். காகிதத்தில் பெருக்கிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். பார் பெரிதானதால் கிழங்குக்கு மண் மூடாக்கு கூடுதலாகக் கிடைத்து, வெயில் பட்டுப் பச்சையாவதும் குறைந்தது.

வயலின் நீளத்தைப் பற்றி இயந்திரம் வாங்குபவர்கள் யோசிப்பதே இல்லை. மூன்று கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் வரிசைக்கு ஒரு நிமிடம். திரும்பி நிலைக்கு வர 40 விநாடி என்று வைத்தால், நூறு நிமிடத்தில் அறுபது நிமிடம் நடவு. வரிசை 25 மீட்டர்தான் என்றால் நடவு 43 நிமிடமாகச் சுருங்கிவிடும். விதை நிரப்பும் நேரம் இதில் இல்லை. இரண்டு ஓரத்திலும் டிராக்டர் திரும்ப ஐந்தைந்து மீட்டர் வேண்டும். 50 மீட்டர் வரிசையில் அது ஐந்தில் ஒரு பங்கு, 20 மீட்டர் வரிசையில் சரிபாதி. அந்த ஓரங்களை அப்புறம் கையால் நட வேண்டும்.

குழுவில் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்தடுத்த வயல்காரர்கள் மூன்று பேர் நடுவிலுள்ள சின்ன வரப்புகளை அந்தப் பருவத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, மூலைகளில் கல் ஊன்றி, ஒரே நீள வரிசையாக நட்டார்கள். தண்ணீர் பாயும் சரிவும் ஒத்துவந்ததால் முடிந்தது. எல்லா இடத்திலும் இது முடியாது. சரிவுக்கு நேராக நீள வரிசை போட்டால் முதல் கனமழையே மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.

பகிர்ந்த இயந்திரம், பகிரக் கூடாத மண்

குழுவில் யாரும் எதிர்பாராத பிரச்சினை இது. ஒரு வயலில் நட்டுவிட்டு அப்படியே அடுத்த வயலுக்குப் போவார்கள். கொழுவிலும் வட்டத்தட்டிலும் டயரிலும் முதல் வயலின் மண் ஒட்டியிருக்கும். உருளைக்கிழங்கு வாடல் நோயை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா மண் வழியாகவும் விதை வழியாகவும் பரவும். குளோபோடெரா எனும் முட்டைக்கூட்டு நூற்புழுவின் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு கைப்பிடி மண்ணே போதும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த நிலத்திலிருந்து துரத்துவது பெரும்பாடு. சொந்தக் கலப்பை ஊர் சுற்றாது. பகிர்ந்த இயந்திரம் சுற்றும்.

நல்லவேளையாகக் கிண்ண இயந்திரம் கிழங்கைத் துளைப்பதில்லை. கூர்முனையால் குத்தி எடுக்கும் பழைய வகையில், நோயுள்ள கிழங்கைக் குத்திய முள் அடுத்தடுத்த கிழங்குகளையும் குத்தும். வளைய அழுகல் போன்ற நோய்கள் அப்படிப் பரவியதுண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த வகையை யாராவது நீட்டினால், விதையின் நலம் உறுதியாகத் தெரியாத சிறு விவசாயி வாங்கக் கூடாது என்பது என் முடிவு.

இரண்டாம் பருவத்தில் ஒரு வரிசைமுறை வைத்தார்கள். நோய் இல்லாத நிலங்களும் சான்று பெற்ற விதையும் முதலில். முன்பு வாடல் வந்த இரண்டு நிலங்கள் கடைசியில். ஒவ்வொரு வயல் முடிந்ததும் அங்கேயே மண்ணைச் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் நகர வேண்டும். கடைசி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம். அவர்களுக்கு நடவு தள்ளிப்போகும். அதற்கு ஈடாக அவர்கள் தர வேண்டிய டிராக்டர் வாடகையில் ஒரு பகுதியைக் குழு ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பாடு இல்லாமல் வெறும் விதி போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் பருவம்

முளைப்பு சீராக வந்தது. போக்கிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கையால் நட்ட வயலோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நடவு நாட்கள் முதல் பருவத்தைவிடச் சற்றுக் கூடின, ஏனென்றால் வேகத்தைக் குறைத்தார்கள், வயலுக்கு வயல் எண்ணிப் பார்த்தார்கள், கழுவினார்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கையால் கிழங்கு போட்ட பெண்களின் வேலை என்னவாயிற்று என்பதையும் எழுத வேண்டும். சாலில் குனிந்து போடும் வேலை போய்விட்டது. விதை சலிப்பது, தட்டில் பரப்புவது, பெட்டி நிரப்புவது, ஓரங்களை நடுவது என்று வேறு வேலைகள் வந்தன. முன்பைவிடக் குறைந்த ஆட்களுக்கு, ஆனால் நடவுக்குப் பல வாரம் முன்பிருந்தே. குழு அவர்களில் இருவரை விதைப் பொறுப்புக்கு நிரந்தரமாக வைத்துக்கொண்டது. முன்பு ஆறு மீட்டர் ஓட்டையைக் கண்டுபிடித்தவரும் அதில் ஒருவர். மற்றவர்களுக்கு அந்தப் பருவக் கூலி குறைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு பாதுகாப்பு விஷயம். கிண்ணத்தில் கிழங்கு சிக்கினால் ஓடும் சங்கிலிக்குள் கையை விட்டு எடுக்கும் பழக்கம் முதல் பருவத்தில் இருந்தது. தளர்ந்த ஆடையோ விரலோ பல்சக்கரத்தில் போனால் மீளாது. டிராக்டர் நின்று, இயந்திரம் தரையில் இறங்கிய பிறகுதான் கை வைப்பது என்று இப்போது கண்டிப்பாக இருக்கிறார்கள். நிரம்பிய பெட்டியோடு இயந்திரத்தைத் தூக்கும்போது டிராக்டரின் முன்சக்கரம் லேசாகிவிடும். முன்னால் எடை மாட்டாமல் வரப்பு ஏறக் கூடாது.

குழுவிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் விலகியது. அவர்கள் நிலம் அரை ஏக்கர்கூட இல்லை. பவர் டில்லரில் சால் போட்டு, நின்றபடியே நீளக் குழாய் வழியாகக் கிழங்கை விட்டு, அதே பவர் டில்லரில் மண் அணைக்கிறார்கள். முதுகை ஒடிக்கும் வேலை சால் திறப்பதிலும் மூடுவதிலும் குனிவதிலும்தான் இருக்கிறது. அது மூன்றும் போய்விட்டது. அவ்வளவு சின்ன நிலத்துக்கு அது சரியான முடிவு. தானியங்கி வாங்கச் சொல்லி அவர்களை நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன்.

சரிவில் இருக்கும் இரண்டு மூன்று துண்டுகளுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. சரிவுக்குக் குறுக்காக ஓட்டினால் இயந்திரம் பள்ளத்துப் பக்கம் நழுவி, பார் கிழங்குக்கு நேராக அமையாமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அங்கே இப்போதைக்குக் கையால்தான் நடவு. பவர் டில்லரில் மாட்டும் ஒற்றை வரிசை இயந்திரம் ஒன்றை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கிண்ணம் எந்த அளவு விதைக்கு, உள்பட்டை தனியாகக் கிடைக்குமா, உடைந்தால் ஒற்றைக் கிண்ணம் மட்டும் விற்பார்களா, எங்கள் வயலிலேயே பத்து மீட்டர் ஓட்டிக் காட்டுவீர்களா என்று இந்த முறை அவர்களே கேட்கிறார்கள்.